பூஞ்சணத்துக்குப் போட்ட புகை

பிள்ளைகளே, உங்கள் அக்காவுக்கு மூச்சிழுப்பு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றியிருக்கிறேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான்; தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் ஆன வருடம் நாங்கள் மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தோம். நீங்கள் யாரும் பிறக்கவில்லை. அக்காவுக்கு நான்கு வயது. எனக்கு ஆற்றோரத்து ரப்பர் கிடங்கில் வேலை. மழைக்காலத்தில் ரப்பர் ஷீட்டுகளின் மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிடும். நார் பிரஷ்ஷால் தேய்த்து உதறி, புகைக் கொட்டகையில் மறுபடி தொங்கவிடுவோம். கதவைச் சாத்திப் புகை போட்டால் பூஞ்சணம் அடங்கிவிடும். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. தெரிந்ததுதான் வினையாகிவிட்டது.

அந்த மழையில் எங்கள் அறைச் சுவரிலும், அலமாரிக்குப் பின்னால், கறுப்பாகப் பூத்திருந்தது. அறை முழுக்க நனைந்த சாக்கு வாடை. அக்கா விடிந்ததும் இருமத் தொடங்குவாள். கிடங்கில் செய்ததையே நான் வீட்டிலும் செய்தேன். சாயங்காலம் வந்ததும் சன்னலைச் சாத்தி, தேங்காய் மட்டையைப் பற்றவைத்துச் சாம்பிராணி தூவி, சட்டியை அறை நடுவில் வைப்பேன். நெஞ்சுச் சளிக்கும் நல்லதென்று அக்காவைப் பக்கத்திலேயே உட்காரவைப்பேன். இருமாமல் இருந்தால் பிஸ்கட் தருவதாகச் சொல்லியிருந்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருப்பாள். கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்காரம்மா மலாக்கா செட்டி குடும்பம். பல தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறியவர்கள்; தமிழ் வராது, மலாயில்தான் பேசுவார். சன்னலைத் திறந்து வை, பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது என்று இரண்டு முறை சொன்னார். தன் வீட்டுப் பலகையில் கரி படிகிறதே என்றுதான் அந்தம்மா அலுத்துக்கொள்கிறார் என நினைத்தேன்.

உங்கள் அம்மாவும் சொன்னாள். "என்னங்க, அவ நெஞ்சு பூனை மாதிரி கொர்கொர்ங்குது. இன்னிக்கு ஒருநாள் புகை வேணாமே."

நாளெல்லாம் பூஞ்சணத்தோடு மாரடிக்கிறவன் நானா நீயா என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

அன்று சட்டி வைத்துக் கொஞ்ச நேரத்தில் அக்காவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. மூச்சுக்கு மூச்சு விலா உள்ளே ஒட்டியது. அம்மா சட்டியைக் காலால் தள்ளிவிட்டுப் பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக மருந்து பார்க்கிற டிரெசர் தமிழர். ஊசி போட்டு, மூச்சு நிதானமான பிறகு என் வேலை என்னவென்று விசாரித்தார். வீட்டில் செய்ததையும் சொன்னேன். அவர் திருப்பிக் கேட்டார்:

"ஷீட்டு மூச்சு விடுமாய்யா?"

பூஞ்சணத் தூளும் புகைத் தூளும் காற்றோடு நெஞ்சுக்குள் போகும், மூடின அறையில் இரண்டையும் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறாய் என்றார். கிடங்குச் சட்டையோடு பிள்ளையைத் தூக்குவாயா என்றும் கேட்டார். தினமும் வாசலிலேயே தூக்குவேன்.

மறுநாள் அலமாரியை நகர்த்திச் சுவரைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவினேன். வீட்டுக்காரம்மா கூரை ஒழுகலை அடைத்துக் கொடுத்தார். இழுப்பு குறைந்தது, போகவில்லை. பிறவியிலேயே கொஞ்சம் இருந்திருக்கலாம் என்றார் டிரெசர். வளர்த்துவிட்டது நான்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அடுத்த மாதம் பத்து பெரெண்டாம் என்கிற பக்கத்து ஊரிலிருந்து வந்த உங்கள் அத்தை, சோறு பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"இது அவ ஆத்தா வழிச் சீக்குதான். நம்ம பக்கம் யாருக்கு இழுப்பு இருக்கு, சொல்லு?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு உறவு முழுக்கப் பரவியது. இன்று அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற இடத்திலும் அதையேதான் சொல்கிறார்கள். அம்மா ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வருகிறாள். அவள் முன்னால், உங்கள் முன்னால் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அம்மாவிடம் முதலில் பேச வேண்டும். அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. இந்தத் தாளோடு அங்கேதான் போகிறேன்.