பச்சை விளக்கு எரியும்போது ஊதிய விசில்

என் மேசை இழுப்பறையில் பழைய மெமோ ஒன்றின் நகல் கிடக்கிறது. "பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது குளித்தவர்களை வெளியேற்றியது ஏன்?" என்று கேட்கிறது அது. குற்றாலத்து அருவிக்கரையில் காவல் பார்த்த அண்ணாச்சிக்குப் போனது. அதைத் தட்டச்சு அடித்தவள் நான்தான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துக்கு அனுப்பினேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சீசனில்தான் எங்கள் பேரூராட்சி அலுவலகம் அருவியில் கேமரா வைத்திருந்தது. தண்ணீர் வரத்தைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துப் பச்சையோ சிவப்போ காட்டும். அண்ணாச்சிக்கு அதன்மேல் பகையெல்லாம் இல்லை. "கண்ணு சிமிட்டாம பாக்குது, எனக்கு முடியுமா?" என்று மெச்சிக்கொள்வார். அன்று தண்ணீரோடு சருகு நிறைய வந்ததைக் கண்டு, மேலே வெள்ளம் கிளம்பிவிட்டது என்று நினைத்து, பச்சை எரியும்போதே விசிலை ஊதிவிட்டார். கடையத்திலிருந்து வேனில் வந்த கூட்டம் தலையில் எண்ணெயும் வாயில் வசவுமாகக் கரையேறியது. ஒரு மணி நேரம் காத்தும் வெள்ளம் வரவில்லை. இயந்திரம் சொன்னதுதான் சரி. அவர் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. அதுவரை பணிப்பதிவேட்டில் ஒரு கரும்புள்ளி கிடையாது.

பதில் அடிக்கவும் என்னிடமே வந்தார். "வருத்தம் தெரிவிக்கேன்னு ஒரு வரி போட்டுருவோமா அண்ணாச்சி? விட்டுருவாங்க" என்றேன்.

"நான் நெனச்சது தப்புதான் தங்கச்சி, அத எழுது. ஊதுனதுக்கு வருத்தப்பட மாட்டேன். இப்பிடி மெமோ குடுத்தா, அடுத்த மட்டம் ஊதவா வேண்டாமான்னு யோசிப்பேம்லா? யோசிக்கதுக்குள்ள தண்ணி வந்துரும்."

அவர் சொன்னபடியே அடித்தேன். அந்த வாரம் மாநில அரசு ஒரு சட்ட வரைவுக்குப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. கணினியை வைத்துக்கொள்ளவும் பயன்படுத்தவும் எல்லாருக்கும் உள்ள உரிமை அதில் பாதி. உயிர் சம்பந்தப்பட்ட இடங்களில் செயற்கை நுண்ணறிவுக்கான பாதுகாப்பு மீதி. இயந்திரத்தின் முடிவை மனிதர் ஒருவர் மாற்ற முடிய வேண்டும் என்று அதில் ஏற்கெனவே இருந்தது. நானும் அண்ணாச்சியும் கருத்து எழுதி அனுப்பி, ஒரு வரி கூடுதலாகக் கேட்டோம்: ஆபத்து என்று நம்பி ஒருவர் நிறுத்தினால், அது தவறாகவே போனாலும், ஏன் என்று கேட்டு அவர்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது.

சட்டம் வந்தபோது அந்த வரியின் சாரம் அதில் இருந்தது. எங்களைப்போல் எத்தனை பேர் எழுதினார்களோ, தெரியாது. மெமோவைக் கைவிட்டார்கள். அண்ணாச்சி அலுவலகம் முழுக்க நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, கறையில்லாமல் வீட்டுக்குப் போனார். எனக்குத்தான் அவரைவிட நிம்மதி.

இந்த ஆடிச் சாரலில் அவரை அருவிக்கரையில் பார்த்தேன். உச்சி முதல் உள்ளங்கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்றார். ஒருவழியாக அவர் தலையைத் தண்ணீருக்குள் கொடுத்தார். உடனே விசில் சத்தம். ஊதியவர் அவருக்குப் பின் வேலைக்கு வந்த காவலர். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கூட்டம் முணுமுணுத்தது. காது மடலில் எண்ணெய் வழிய, முதல் ஆளாக வெளியே வந்தவர் அண்ணாச்சிதான்.

"தண்ணி கூடுன மாதிரி இல்லயே அண்ணாச்சி, ஏன் ஊதுனாருன்னு கேட்டியளா?" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

துண்டைப் பிழிந்தபடி என்னை ஒரு முறை முறைத்தார்.

"கேக்கப்படாதுன்னு நாமதான எழுதிக் குடுத்தோம்?"