விசில் பெரியம்மாவும் முப்பத்தொரு வால்வுகளும்

செய்தி வந்தபோது காலை பத்து இருபது. "பெரியம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே," என்றாள் தங்கை.

பெரியம்மா இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்தவர். ஓய்வுபெற்றபோது பையைத் திருப்பிக் கொடுத்தார், விசிலைக் கொடுக்கவில்லை. நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அந்த மாநகராட்சிக் குடியிருப்பில் அவர் பெயரே விசில்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கிழக்கு வரிசையில் குழாய் துருப்பிடித்துவிட்டது, திங்கட்கிழமை இருபத்து நான்கு வீடுகளிலும் சுவரை உடைப்போம் என்று மாநகராட்சியில் அறிவிப்பும் வரைபடமும் ஒட்டினார்கள். ஈரம் கசிந்ததோ மேற்கு வரிசையில். பெரியம்மா அலுவலகத்துக்குப் போய், உடைக்கும் முன் குடியிருப்பவர்களைக் கேளுங்கள் என்றார்.

"வரைபடம் இருக்கும்மா. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது," என்றார் பொறியாளர்.

"குளிக்கிறது நாங்கதானே தம்பி, உங்க வரைபடம் இல்லையே?"

அவர் சிரித்து அனுப்பிவிட்டார். பெரியம்மா அன்றே நாற்பத்தெட்டு கதவுகளையும் தட்டினார். ஞாயிறு காலை எல்லோரும் குழாயைத் திறந்துவைத்து ஜன்னலோரம் நிற்க வேண்டும். மொட்டைமாடியில் அவர் ஒரு வால்வை மூடி ஒற்றை விசில் அடிப்பார். தண்ணீர் நின்ற வீட்டார் தங்கள் எண்ணைக் கத்த வேண்டும். இரட்டை விசில் என்றால் திறந்தாயிற்று. பேருந்தில் அடித்த அதே கணக்கு.

ஒட்டியிருந்த வரைபடத்தில் கிழக்கு என்றிருந்த முதல் வால்வை மூடினார். கிழக்கில் சத்தமே இல்லை. மேற்கிலிருந்து வந்தது குரல்.

"முப்பத்தொம்பது நின்னுடுச்சு!"

"நாப்பதும்!"

"விசிலக்கா, தலை பூரா சோப்பு! சீக்கிரம் ரெண்டு அடிங்க!" இது மேற்கு வரிசைத் தையல்காரர்.

"வண்டி நிக்கும்னு தெரிஞ்சும் ஏன்யா ஏறுன?"

கட்டடமே சிரித்தது. முப்பத்தொரு வால்வுகளையும் அவர் மூடித் திறக்க, கூட நின்று நான் நோட்டில் குறிக்க, மதியத்துக்குள் முடித்தோம். யாரோ கட்டடத்தைப் பின்பக்கமிருந்து பார்த்து வரைந்திருக்கிறார்கள். கிழக்கு மேற்காகவும் மேற்கு கிழக்காகவும் இருந்தது.

திங்கட்கிழமை சம்மட்டியோடு ஆட்கள் வந்தார்கள். பெரியம்மா வழிமறித்துப் பொறியாளரை மாடிக்கு அழைத்துப் போனார். விசிலைச் சேலைத் தலைப்பில் துடைத்து நீட்டினார்.

"நீங்களே மூடுங்க. நீங்களே அடிங்க."

அடித்தார். மேற்கு வரிசை ஜன்னல்கள் கத்தின. அவர் வரைபடத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு நாளா யாரும் சொல்லலையே?"

"கேட்டாத்தானே சொல்லுவோம்."

ஒரு சுவரும் தவறாக உடைபடவில்லை. இரண்டே மாதத்தில் மாநகராட்சி உத்தரவு வந்தது: கட்டடத்தை நிர்வகிக்கும் குழுவில் ஐந்து பேர், அதில் மூன்று பேர் குடியிருப்பவர்கள், மூவருக்கும் வாக்கு உண்டு. குடியிருப்பவர் கையெழுத்து இல்லாமல் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. மாடிப்படியடியில் நடந்த முதல் கூட்டத்தில் அதே பொறியாளர் பெரியம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். கூட்டம் முடிந்ததும் பெரியம்மா இரட்டை விசில் அடித்து, "ரைட், போலாம்!" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

போன மாதம் ஒவ்வொரு வால்வுக்கும் தகரத்தில் எண் எழுதிக் கட்டத் தொடங்கினார். முப்பது கட்டியாயிற்று. முப்பத்தொன்றாவது தகடு கம்பி கோத்தபடி அவர் மேசைமேல் இருக்கிறது.