தீமைக்குப் பொறுப்பான அதிகாரி

ஆரையம்பதியிலிருந்து தினமும் பஸ் ஏறிச் செங்கலடிக்கு வேலைக்குப் போகும் வதனிக்கு, தீமை எது என்று தீர்மானிக்கும் உத்தியோகம் ஒருநாள் வந்து சேரும் என்று எந்தச் சாத்திரக்காரனும் சொல்லியிருக்கவில்லை. இரும்புக்கடை மேல்மாடியில், கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்யும் சின்னக் கம்பனியில் அவள் நிர்வாகம் பார்த்தாள். லீவு முதல் தேத்தண்ணிச் சீனி வரை அவள் பொறுப்பு.

நோர்வேக் கம்பனியொன்று வேலை தர வந்தபோதுதான் வினை தொடங்கியது. 'திறந்த மூல மென்பொருள் உரிமங்கள் பற்றிய உங்கள் கொள்கையை அனுப்புங்கள்' என்றார்கள். யாரோ எழுதி, எவரும் எடுக்கலாம் என்று இணையத்தில் விட்டவற்றை இவர்களும் அள்ளிப் பாவித்து வந்தார்கள். அதற்கும் நிபந்தனை உண்டென்று முதலாளி நல்லரத்தினத்துக்கு அன்றுதான் தெரியும்.

"சும்மா தாற சாமானுக்கும் சட்டமா? வதனி, எல்லா நிபந்தனையையும் மதிப்பம் எண்டு வடிவா ஒரு கொள்கை எழுது புள்ள."

எழுதினாள். எழுதிய கையோடு, உரிமங்களை வாசிக்கும்படி நிரல் எழுதும் ஏறாவூர் பாஹிமிடம் சொன்னாள். பெரும்பாலானவை எழுதியவர் பெயரைப் போடச் சொன்னதோடு சரி. ஒன்றில் அவன் நின்றுவிட்டான்.

"அக்கா, இத நன்மைக்குத்தான் பாவிக்கலாமாம், தீமைக்குக் கூடாதாம்."

"நாம என்ன தீமை செய்யிறம்?"

"இது நாம சாராயத் தவறணைக்குச் செஞ்ச பில்லுக்குள்ள இரிக்கு."

நல்லரத்தினம் தொண்டையைச் செருமினார். அந்தத் தவறணையில் அவருக்கென்று ஒரு கதிரை இருந்தது.

"சாராயம் தீமை எண்டு ஆரு சொன்ன?"

"எங்கட மார்க்கத்தில சொல்லியிரிக்கு சேர்."

"அளவாக் குடிச்சா?"

பகல் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில், தீமை எது என்பதை நிர்வாக அலுவலரே தீர்மானிப்பார் என்று கொள்கையில் ஒரு பிரிவு ஏறியது.

"சேர், எனக்கென்ன தெரியும்?"

"லீவுக்குப் பொய் சொல்றவன முகத்தப் பாத்தே பிடிக்கிறாய். இதும் அப்பிடித்தான்."

மறுநாளே தவறணைக்காரர் சிவதர்ஷன் வெள்ளைச் சேட்டும் நெற்றி நிறைய விபூதியுமாகப் படியேறி வந்தார். "தங்கச்சி, கோயிலுக்கு மணி வாங்கிக் குடுத்தவன் நான். என்னத் தீமை எண்டு எழுதிப்போடாதீங்க!" என்று கும்பிட்டார். வதனிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உள்ளே ஓடினாள்.

"பாஹிம், நன்மை தீமை பேசாத வேற ஒண்ட மாத்திப் போடேலாதா?"

"ஏலும் அக்கா. தேத்தண்ணி குடிக்கிற நேரத்து வேலதான்."

"நேத்து ஏன் வாயத் திறக்கல்ல?"

"கதை நல்லாப் போச்சு, குழப்ப மனமில்ல."

மாற்றியாயிற்று. ஆனால் ஏற்கெனவே அனுப்பியிருந்த கொள்கையில் அந்தத் தீமைப் பிரிவைப் பற்றி நோர்வேக்காரர் வெகுவாகப் பாராட்டி எழுதிவிட்டார்கள். இனி அதை எடுக்க நல்லரத்தினம் சம்மதிப்பாரா? வதனியின் மேசையில் 'தீமைக்குப் பொறுப்பான அதிகாரி' என்று புதிதாகப் பெயர்ப்பலகை வைத்தார். செய்தி சந்தையில் பரவியது.

இன்று காலை மண்டூரிலிருந்து ஒரு வட்டிக்காரர், தான் தீமை இல்லை என்று அத்தாட்சிப் பத்திரம் கேட்டு வந்திருக்கிறார். வெயிலில் வந்த மனுசன், வேர்த்து ஊற்றுகிறது. அவரை இருக்கச் சொல்லிவிட்டு வதனி ஃபேனைப் போட்டாள்.