கை தவறி விழுந்த ஏலக்காய்

இங்கிலாந்துக்கு வந்து இறங்கிய முதல் வாரம். பஸ்சிலிருந்து இறங்கி, டிக்கெட்டைக் கசக்கி, எங்கள் ஊர் போடியில் செய்வது போலவே நடைபாதையில் போட்டுவிட்டு நடந்தேன். பத்தடி போவதற்குள் ஒரு பெரியவர் மூச்சிரைக்க ஓடி வந்து, கசங்கிய டிக்கெட்டை நீட்டி, "யூ டிராப்டு திஸ்" என்றார். என்ன மரியாதையான ஊர் என்று நெகிழ்ந்துபோனேன். கீழே விழுந்ததை எடுத்துக் கொடுக்க இந்த வயதில் ஓடி வருகிறாரே! கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அவர் என்னைத் திட்டினார் என்பது புரிய ஆறு மாதம் ஆனது. 'வீசினாய்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'தவறவிட்டாய்' என்று சொன்னால் இங்கே அதுதான் திட்டு.

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும், ஒரு பொருளுக்கு ஒரு சொல் வீதம். இவர்களோ ஒன்றுக்கு நாலு வைத்திருக்கிறார்கள். நான் சேர்ந்தது மசாலாப் பொருட்களைப் பொட்டலம் போடும் கம்பெனியில், தரம் பார்க்கும் வேலை. வாசனையைக் குறிக்க ஸ்மெல், சென்ட், அரோமா, ஓடர் என்று வரிசையாகச் சொற்கள் இருந்தன. கடைசிச் சொல் தாலுகா ஆபீஸ் கடிதம் மாதிரி கம்பீரமாகத் தெரிந்ததால், நல்ல ஏலக்காய்க்கெல்லாம் அதையே எழுதித் தள்ளினேன். அது வேர்த்த சட்டைக்கும் அடைத்த சாக்கடைக்கும் சொல்வது என்று பக்கத்து மேசைக்காரர் மெதுவாகக் காதில் போட்டார். அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். அண்ணன் தம்பி போலிருக்கும் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, யார் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போவார், யார் போகமாட்டார் என்று குறிக்கத் தொடங்கினேன்.

வேலை ஆறு மாதத்துக்குத் தற்காலிகம். நிரந்தரமானால்தான் என் மனைவி செல்வியும் மகளும் இங்கே வர முடியும். செல்வி போடிமெட்டுக்கு மேலே கேரளப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள்; இப்போது போடியில் வாடகை வீட்டில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறாவது மாதத்தின் கடைசி வாரம், எங்கள் மேற்பார்வையாளர் ஹெலன் ஒரு தட்டில் ஏலக்காய் கொண்டுவந்து என் முன் வைத்தார். பக்கத்தில் படிவத்தோடு அவரும் உட்கார்ந்தார். நான் வேலை செய்வதை நேரில் பார்த்து எழுதப்போகிறார் என்று புரிந்தது.

ஒரு பிடி அள்ளினேன். பச்சை நிறம் மாறாத, பருத்த காய். ஒன்றைப் பிளந்து மோந்தேன். எங்கள் மலைச் சரக்கு! காய் உலர்த்துகிற ஸ்டோரின் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வெக்கையும் மணமும் அப்படியே மூக்கில் ஏறின. நான் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது மறந்துபோனது. கை தன் பாட்டுக்கு நீண்டு, பிடியிலிருந்த காயை எல்லாம் தரையில் வீசியது. செருப்புக்கு உறை மாட்டிக்கொண்டு நாங்கள் நடக்கிற வெள்ளைத் தரை அது.

போடி ஏல சென்டரில் பதினோரு வருஷம் வியாபாரிக்காகச் சரக்குப் பார்த்தவன் நான். அங்கே சாம்பிள் தட்டு வரிசையாக வரும். ஒரு பிடி அள்ளி, நிறம் பார்த்து, பிளந்து மோந்து, தரையில் வீசிவிட்டு விலை கேட்போம். தொட்டதைத் திரும்பத் தட்டில் போடுவதில்லை. மதியத்துக்குள் மண்டபம் முழுக்கப் பச்சையாகிவிடும். நடந்தால் காலடியில் நொறுங்கும். கடைசியில் கூட்டி அள்ளுவார்கள். இதெல்லாம் ஹெலனுக்கு எப்படித் தெரியும்?

"சோ, யூ ரிஜெக்ட் இட்?" என்றார்.

"நோ, நோ. வெரி குட்."

"பட் யூ த்ரூ இட்."

"யெஸ். வெரி குட். தேர்ஃபோர், த்ரோ."

ஹெலன் பேனாவை மூடிவைத்தார். உணவுப் பொருளைத் தரையில் வீசினான் என்று படிவத்தில் ஏறினால், அன்றே நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். என் நோட்டில் இருந்த சொற்களையெல்லாம் கொட்டி, கையையும் காலையும் ஆட்டி, எங்கள் மண்டபத்தை விவரித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "யூ டிராப்டு இட்."

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷத்தில் ஒரு காயைக்கூடக் கை தவறவிட்டதில்லை நான். வீசியதெல்லாம் தெரிந்து, தீர்மானித்து வீசியது. இல்லை என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். செல்வி கட்டி வைத்திருந்த பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

"யெஸ். ஐ டிராப்டு," என்றேன்.

வேலை நிரந்தரமானது. கூடவே அரை நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். என் மகளைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெண், தட்டை இரண்டு கையாலும் எப்படிப் பிடிப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்துச் சான்றிதழும் தந்தாள்.

போனில் சொன்னதும் செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். "தட்டைப் பிடிக்கத் தெரியாதவன்னு எழுதிக் குடுத்தா வேலைய வாங்கினீங்க? அது போட்டே. வெரசா வந்து எங்களக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். 'போட்டே' என்றால் மலையாளத்தில் 'போகட்டும் விடு'; அவளுக்கு எஸ்டேட் கொடுத்த சொல். வருத்தப்படாதே என்பதையும் அவள் அப்படித்தான் சொல்வாள்.

அவர்களைக் கூட்டிப்போகப் போடி வந்தபோது ஏல சென்டருக்கும் போனேன். கூட வேலை பார்த்த பாண்டி ஓடி வந்து பிடித்துக்கொண்டான். நான் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்காரவைத்து, "இந்த லோடப் பாரு மாப்ளே, கண்ணுல ஒத்திக்கலாம்" என்று தட்டை நீட்டினான். அள்ளினேன், பார்த்தேன், மோந்தேன். அதற்குமேல் கை நீளவில்லை. கண் குப்பைத்தொட்டியைத் தேடியது.

"கீழ போடு மாப்ளே. என்ன முழிக்கிற?"

ஒரே ஒரு காயைப் போட்டேன். அடுத்த நொடி குனிந்து அதை எடுத்துவிட்டேன்.

"ஏன் மாப்ளே, கை தவறி விழுந்துருச்சா?" என்றான் பாண்டி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஆமாடா" என்றேன். வேறென்ன சொல்வது? பிடியிலிருந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை ஒரு காயையும் மிதிக்காமல் போய்விட வேண்டும் என்று விரல் நுனியில் நடந்து பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் நொறுங்கியது.