கிணற்றுக்காக எடுத்த படம்

எங்கள் வீட்டுக்காரர் எர்னஸ்ட், சித்தூரில் போட்டோ பிடிக்கிறவர். கல்யாணப் படம் எடுத்தால் கஞ்சிக்கு வழி உண்டு. இந்த மனுஷரோ சைக்கிளில் காமிராப் பெட்டியையும் முக்காலியையும் கட்டிக்கொண்டு போய், கரண்டு கம்பம் நடுகிற கூலிகளையும், திருப்பதி ரோட்டில் மாட்டு வண்டியை முந்துகிற புது பஸ்ஸையும் எடுத்துக்கொண்டிருப்பார்.

"இதை யாரு வாங்கப் போறாங்க?" என்று கத்துவேன்.

"இந்த வண்டிங்க நாளைக்கு இருக்காது, ஜெயசீலி" என்பார். அவரோடு பேசி நான் ஜெயித்ததே இல்லை.

முப்பத்தாறாம் வருஷம் மிஷன் துரை ஒரு வேலை கொடுத்தார். பங்காருபாளையத்துப் பக்கம் ஒரு சேரிக்குக் கிணறு வெட்டச் சீமையில் பணம் கேட்க வேண்டும். அதற்குப் படம் வேண்டும். அந்தச் சேரிப் பெண்கள் ஊர்க் கிணற்றைத் தொடக் கூடாது. குடத்தோடு தள்ளி நிற்பார்கள். யாராவது மனசு வந்து ஊற்றினால்தான் உண்டு. குட்டைத் தண்ணீரைக் குடித்துத்தான் வெங்கடம்மா என்பவளின் கைக்குழந்தை செத்துப்போனது.

பெண்களோடு பேச நானும் கூடப் போனேன். போய்ப் பார்த்தால், அட கர்த்தாவே! படம் பிடிக்க வருகிறார்கள் என்றதும் சிவப்புக் கல்யாணச் சேலையைக் கட்டி, எண்ணெய் வைத்து வாரி, பூ முடித்து வரிசையாக நிற்கிறார்கள்.

"சிவப்பெல்லாம் படத்துல கறுப்பாத்தான் விழும்மா" என்றார் இவர்.

"வுழட்டும் ஐயா. செவப்புன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் வெங்கடம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

பழைய துணி கட்டச் சொல்லுங்கள் என்று இவர் காதில் சொன்னேன். "அவங்க நிக்கிற இடத்தைப் பார்த்தாலே புரியும்" என்று, ஊர்க் கிணற்றுக்குத் தள்ளி, காலிக் குடங்களோடு அப்படியே எடுத்தார்.

துரைக்குப் புரியவில்லை. "திருவிழாவுக்குப் போகிறவர்கள் மாதிரி இருக்கிறார்கள். இவர்களுக்கு என்ன குறை?" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார். வேறு படம் வராவிட்டால் கிணறு வேறு ஊருக்காம். இவர் அன்று சாப்பிடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் துரையை விட்டுவிட்டு இவரைத்தான் திட்டித் தீர்த்தேன்.

மறுபடி போனோம். இவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே நின்றார். விஷயத்தை நான்தான் சொன்னேன்.

"கந்தலைக் கட்டிக்கினு தெனம் நிக்கிறோம், ஒருத்தரும் வந்து பாக்கல. ஒரு நாளு நல்லதைக் கட்டினா எங்க தாகம் பொய்யாப் பூடுமா?" என்று வெங்கடம்மா கேட்டாள்.

அவள் குடிசைக்குள் போனாள். கிழிந்ததைக் கட்டிக்கொண்டு, வாரின தலையைத் தானே கலைத்துக்கொண்டு வந்தாள். மற்றவர்களும் அதே மாதிரி உள்ளே போய் வந்தார்கள். இவர் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர், வெகு நேரம் வெளியே வரவே இல்லை.

வெங்கடம்மா என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "அழவும் வேணுமாம்மா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா" என்றது துணிக்குள்ளிருந்து இவர் குரல்.

படம் சீமைக்குப் போயிற்று. கிணறும் வந்தது. ஜெபம் பண்ணித் திறந்த அன்று, வெங்கடம்மா முதல் குடத்தை இழுத்து, செம்பில் ஊற்றி, இவர் கையில்தான் கொடுத்தாள். தெளிந்த தண்ணீர். அவள் தலையைக் கலைத்துக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, இவர் குடிக்காமல் செம்பை அவளிடமே திருப்பி நீட்டினார்.