மேமலை ஏற்றம்: பத்துக்கு ஒன்பது வாங்கிய ஐந்து கிலோமீட்டர்

இந்த வலைப்பூவை வாசிப்பவர்களுக்கு என் வழமை தெரியும். குளக்கட்டு, வாய்க்கால் கரை, கிரவல் ரோட்டு. வவுனியாவைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் நான் சைக்கிள் ஓடாத குளக்கட்டு குறைவு. ஒரே குறை, எல்லாமே தட்டை. அதனால் பெப்ரவரிக் கடைசியில் மூன்று நாள் லீவு கிடைத்தபோது, தண்ணீரும் இருக்க வேண்டும், ஏற்றமும் இருக்க வேண்டும் என்று தேடித் தலவாக்கலையைத் தெரிவு செய்தேன். நகரத்தை ஒட்டியே நீர்த்தேக்கம் இருக்கிறது, ஆக்ரா ஓயா ஆறும் பக்கத்தில்தான். மலையகத்தின் மேற்குச் சரிவில் மழை குறைந்த மாதமும் அதுதான்.

சைக்கிளைக் கொண்டுபோவதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். நுவரெலியாவிலிருந்து எங்கள் ஊர்ச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் லொறிகள் திரும்பிப் போகும்போது வெறுமையாகத்தான் போகும். தெரிந்த சாரதி ஒருவர் இரண்டாயிரம் ரூபாவுக்கு ஏற்றிக்கொண்டு போனார். கோவா இலையும் லீக்ஸ் வாசமும் ஒட்டியிருந்ததைத் தவிர சைக்கிளுக்குச் சேதம் ஒன்றும் இல்லை. நான் பஸ்ஸில் போய் நுவரெலியாவில் அதைப் பெற்றுக்கொண்டு தலவாக்கலைக்கு ஓடினேன். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம், நல்ல தார். அறை நாலாயிரத்து ஐந்நூறு. சுடுதண்ணீர் வரும் என்று சொன்னார்கள். வந்தது, நான் குளித்து முடித்த பிறகு.

மறுநாள் காலை ஆறரைக்குப் புறப்பட்டேன். நீர்த்தேக்கத்தின் மேல் பனிமூட்டம் கலையவில்லை. லிந்துலை வரை பிரதான வீதி, அங்கிருந்து அக்கரப்பத்தனை வீதி. பெரும்பகுதி ஆற்றோரம்தான், வாகனம் குறைவு, இரண்டு பக்கமும் தேயிலை. பெரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பதிவுக்கு, பெயர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறும் பெண்கள் சாக்கும் கூடையுமாக வீதியோரம் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் என் தலைக்கவசத்தைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, முழு வரிசையும் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

லிந்துலையிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில் ஒரு சின்னக் கோயில், அதைத் தாண்டி இடப்பக்கம் ஒரு தோட்டப் பாதை. மேமலைப் பிரிவுக்கு ஏறும் பாதை என்று கோயிலுக்குப் பக்கத்திலிருந்த கடைக்காரர் சொன்னார். ஐந்து கிலோமீட்டர் ஏறி, மறுபக்கம் அக்கரப்பத்தனைக்கு இறங்கலாம். நான் தேடி வந்தது இதைத்தான். ஒரு காலத்தில் தார் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு அங்கங்கே கறுப்புத் திட்டுகள் மட்டும் சாட்சி. மற்றதெல்லாம் உருண்டைக் கல், செம்மண், மழைநீர் அரித்த பள்ளம். கீழே ஆறு தெரிகிறது, அதற்கு அப்பால் மலைக்குப் பின்னால் மலை. நாற்பது மில்லிமீட்டர் டயரை இப்படியான இடத்துக்காகத்தான் பூட்டியிருந்தேன். இரண்டாவது கிலோமீட்டரிலேயே மனதுக்குள் பத்துக்கு ஒன்பது போட்டுவிட்டேன். வன்னியில் எந்தப் பாதைக்கும் நான் எட்டுக்கு மேல் கொடுத்ததில்லை.

மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அதில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம். படத்தில் ஆழம் விளங்காது என்று காற்றுப் பம்பைப் பள்ளத்துக்குள் நிறுத்தி, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுத்தேன். பிறகு ஹேண்டிலில் இருந்த மீட்டரைப் பார்த்துச் சரிவு எத்தனை வீதம் என்று போனில் குறித்துக்கொண்டேன். அப்போது கீழேயிருந்து ஓர் ஆட்டோ முக்கி முனகிக்கொண்டு வந்து வளைவுக்கு முன்னால் நின்றது. ஏழெட்டு மாதக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி இறங்கினாள். இறங்கிய விதத்திலேயே இது அவளுக்குப் பழக்கம் என்று தெரிந்தது. ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்துப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். ஆளை ஏற்றிக்கொண்டு அந்த வளைவில் ஆட்டோ ஏறாது.

நான் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பின்னால் போய்த் தள்ளினேன். டயரிலிருந்து தெறித்த கல் என் முழங்காலில் பட்டது. ஆட்டோ மேலே ஏறி நின்றதும் சாரதி இறங்கி வந்தான். முப்பது வயது இருக்கும், பெயர் தினேஷ். என் பம்பையும் போனையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"டீ.ஓ. மிஸ்ஸுங்களா? ரோடு அளக்கவா வந்திருக்கீங்க?"

டீ.ஓ. என்றால் வீதி வேலைக்கு அளவெடுக்க வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண்ணும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டாள்.

"அளந்துட்டாங்களாண்ணே? மிஸ், எப்ப போடுவீங்க? சித்திரைக்கு முந்தி போட்டுருவீங்களா?"

அவள் பெயர் யோகா. சித்திரையில் இரண்டாவது பிள்ளை. கணவன் கொழும்பில் கடையொன்றில் வேலை. மாதாமாதம் கிளினிக்குக்குப் போய்வருவது இந்தப் பாதையில்தான்.

"நான் டீ.ஓ. இல்லை தங்கச்சி. சும்மா சைக்கிள் ஓட வந்தனான்" என்றேன்.

"சும்மான்னா?"

"இப்பிடிக் கல்லு ரோட்டில ஓடுறது எங்களுக்கு விருப்பம். ஓடிப் பாத்து, எப்பிடி இருக்குதெண்டு எழுதுவன். மாக்ஸும் போடுவன்."

"இந்த ரோட்டுக்கு எத்தன?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "ஒன்பது" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தினேஷ் மிகவும் மரியாதையாகக் கேட்டான்: "அப்ப பத்து வாங்குற ரோடு எப்புடிங்க மிஸ் இருக்கும்? ரோடே இருக்காதா?"

யோகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வளைவின் ஓரத்தைக் கையால் காட்டினாள்.

"என் மூத்தவன் இந்த எடத்துலதான் மிஸ் பொறந்தான். கொழுந்து லொறியில கொண்டு போனாங்க. மழை. லொறி ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. அவன இன்னும் வளைவுக்காரன்னுதான் கூப்புடுறாங்க. இப்ப தோட்டத்துப் புள்ளக்காம்பராவுல இருக்கான், புள்ளைங்கள பாத்துக்குற ஆயாம்மாகிட்ட. நல்லாத்தான் இருக்கான். ஆனா ரெண்டாவதும் இங்கனதான்னா எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அலங்கரித்து எழுத ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்கவும் முடியவில்லை, ரோட்டை உடைத்தது நான் இல்லையே. தினேஷ்தான் என்னைக் காப்பாற்றினான். எந்த ஊர் என்று விசாரித்து, வவுனியாவில் வெங்காயம் என்ன விலை என்று கேட்டான். பிறகு, எடுத்த படங்களை அனுப்ப முடியுமா என்றான். பிரதேச சபைக்கு மனுக் கொடுக்கப் போகிறார்களாம். அவர்கள் எடுத்த படங்களில் பள்ளத்தின் ஆழம் தெரியவில்லையாம். பம்போடு எடுத்தது சரியாக இருக்கும். அங்கே சிக்னல் இல்லாததால், நம்பரை வாங்கிக்கொண்டு அக்கரப்பத்தனைக்கு இறங்கியதும் பதினொரு படங்களை அனுப்பினேன். இறக்கத்தில் சைக்கிள் அருமையாக ஓடியது. ஓடியது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

திரும்பியது தார் வீதியில். மொத்தச் சுற்று நாற்பத்து நான்கு கிலோமீட்டர், நின்று நின்று ஏழு மணித்தியாலம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. பின்னேரம் மழை பெய்தால் செம்மண் பிரேக்கில் அடைத்துக்கொள்ளும். தோட்டப் பாதைக்குள் நுழையும்போது காவல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், யாரும் மறிக்கவில்லை. கொழுந்து லொறி வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முற்றங்கள் பாதையை ஒட்டியே இருக்கின்றன. அங்கே இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள், பிள்ளைகள் விளையாடுவார்கள். டயர் பிய்ந்தால் அக்கரப்பத்தனையிலிருந்து ஆட்டோ எடுக்கலாம், ஆனால் மேமலை என்றால் பலர் வரமாட்டார்கள். வருகிறவர் ஆயிரத்து ஐந்நூறு கேட்பார். பேரம் பேசாதீர்கள். அந்த வளைவைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

சித்திரை நடுவில் தினேஷ் போன் எடுத்தான். யோகாவைப் பத்து நாள் முன்னதாகவே லிந்துலையில் அவளுடைய அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டானாம். பெண் பிள்ளை. "ஆஸ்பத்திரியில, கட்டில்ல பொறந்துச்சு மிஸ்" என்று கட்டிலை அழுத்திச் சொன்னான். மனுவில் என் படம்தான் முதல் பக்கம், பம்போடு. வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த முறை உண்மையான டீ.ஓ.

மேலே நீங்கள் பார்க்கும் படமும் அதேதான். படத்துக்குக் கீழே 'இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த இடம்' என்று எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டேன். ஒன்பதை அழிக்கவில்லை, பாதை அப்படித்தான் இருந்தது. வழமையாக இந்த இடத்தில், தார் போடுவதற்கு முன் சீக்கிரம் போய் ஓடிவிடுங்கள் என்று எழுதுவேன். என் குறிப்புகள் பழசாகிவிட்டன என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபமும் வரும். மேமலை ஐந்து கிலோமீட்டர் மட்டும் சீக்கிரம் பழசாகிப் போகட்டும். நீங்கள் போகும்போது அங்கே தார் இருந்தால், கீழே ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.