ஓரத்தில் எழுதிய சுவர்

கட்டட அனுமதி தரும் திட்ட அலுவலகத்தில் 'அரையங்குலம்' என்றால் பியூன் வரைக்கும் தெரியும். என் அக்காதான் அது. அரை அங்குலம் பிசகினாலும் வரைபடத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து போடுவாள். இருபத்திரண்டு வருஷமாக வீட்டு வரைபடம் போடும் உரிமம் வைத்திருக்கிறாள். அதில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. நான் அவள் தம்பி. அலுவலகத்துக்கு நேர் எதிரே பிரிண்ட் கடை வைத்திருக்கிறேன். அவளுக்குப் பொறுமை ஜாஸ்தி, எனக்கு மூக்கு நுனியில் கோபம். அம்மா எங்கள் இருவருக்கும் பங்கு பிரித்ததில் ஏதோ தவறிவிட்டது.

நர்ஸம்மாவின் வீட்டுக்கு வரைபடம் போட்டது அவள்தான். அந்தம்மாவுக்கு மருத்துவமனையில் ராத்திரி வேலை. பகலில்தான் தூங்க வேண்டும். வாடகை வீட்டில் மத்தியானம் ஆனால் மேற்குச் சுவர் அடுப்பு மாதிரி கொதிக்கும். ஒன்பது வருஷமாக முழுத்தூக்கம் தூங்கியதில்லை என்று சொன்னார். சொல்லும்போதே கண்கள் சொக்கின.

"எனக்கு மாடி வேணாம், பால்கனி வேணாம். பகல்ல தூங்க ஒரு ரூம் வேணும். அவ்வளவுதான் மேடம்" என்றார்.

அக்கா இரண்டு நாள் யோசித்தாள். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணையே சலித்து, கொஞ்சம் சிமெண்ட் கலந்து, கைமெஷினில் அழுத்தி எடுக்கும் மண்கல்லால் வீடு. சூளையும் வேண்டாம், லாரி லாரியாகச் செங்கல்லும் வேண்டாம். தூங்கும் அறையின் மேற்குச் சுவர் மட்டும் பதினான்கு அங்குலம். மத்தியான வெயில் அதற்குள் நுழைந்து உள்பக்கம் எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

சட்டம் இதற்கு எதிரி இல்லை. அதுதான் வேடிக்கை. மூன்று வருஷத்துக்கு முன் புது விதி ஒன்று போட்டார்கள். வெயில் தாங்கும் கனமான சுவர் கட்டினால், ஒன்பது அங்குலத்துக்கு மேலே உள்ள கனத்தை, மதிலுக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய பக்க இடைவெளிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வரைபடத்தில் முன்கூட்டியே குறிப்பிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல விதி. போட்டவருக்கு நல்லா இருக்கட்டும். ஆனால் மனு போடும் கம்ப்யூட்டரில் சுவர் கனத்துக்கு இரண்டே பெட்டிதான்: நாலரை, ஒன்பது. பதினான்குக்குப் பெட்டி இல்லை. ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் திறக்காது.

அக்கா அலுவலகத்தில் போய்க் கேட்டாள். "ஒன்பதைத் தொட்டுட்டு, பிரிண்ட்டுல கீழ் ஓரத்துல கையால எழுதிடுங்க மேடம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார்கள். அதே அலுவலகம்தான், தாள் இந்த அளவுக்கு மேல் ஒரு நூல் கூடினாலும் இழுப்பறை மூடாது, ஓரத்தை வெட்டிக் கொடுங்கள் என்று எங்கள் கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அதனால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. நான் பிரிண்ட் எடுப்பேன், வெட்டுவேன். மிச்சமிருக்கும் ஓரத்தில் அக்கா எழுதி, வரைபடத்தில் கையெழுத்துப் போடுவாள். இந்த வரிசை மாறியதே இல்லை.

மாறியதே இல்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு கூரை மட்டம் வரை வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வந்து மேற்குச் சுவரிலிருந்து மதில் வரை டேப்பை இழுத்தார். ஐந்தடி இருக்க வேண்டிய இடத்தில் நாலடி ஏழங்குலம். வரைபடத்தைப் பார்த்தார், ஒன்பது என்று இருந்தது. அன்றைக்கே வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ். பதினைந்து நாளில் சுவரை இடிக்க வேண்டும், ஆட்சேபம் இருந்தால் வியாழக்கிழமை விசாரணைக்கு வரலாம்.

அந்த வாரம் பார்த்து மேகம் திரண்டுகொண்டு நின்றது. மண்கல் சுவருக்குத் தலைமேல் கூரை வேண்டும். மூடாமல் நாலு மழையில் நனைந்தால் தண்ணீர் உச்சியில் இறங்கி உள்ளே ஊறிவிடும். மேஸ்திரி தார்ப்பாயைப் போர்த்தி, கல்லைத் தூக்கி வைத்து, "காத்தடிச்சா இது நிக்காது, சொல்லிட்டேன்" என்று கையை விரித்தார். நர்ஸம்மா இருந்த சேமிப்பையெல்லாம் அந்தச் சுவரில்தான் போட்டிருந்தார். இடித்துக் கட்ட இன்னொரு தடவை அவரால் ஆகாது.

"நான் எழுதினேன். எழுதாம எப்படிடா இருப்பேன்?" என்று அக்கா அன்றைக்குப் பத்துத் தடவை கேட்டாள். சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு.

"நீ எழுதினதை என் கண்ணால பார்த்தேன். அவங்கதான் தொலைச்சிருப்பாங்க. வியாழக்கிழமை வரட்டும், உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்" என்றேன். வீரம் பேசுவதற்குக் காசா பணமா?

வியாழக்கிழமை திட்ட அதிகாரியின் அறையில் நாங்கள் மூன்று பேர். நர்ஸம்மா டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தார். சீருடைகூட மாற்றவில்லை. மேஜைக்கு மேலே காற்றாடி கிறீச் கிறீச் என்று சுற்றியது. அதிகாரி கெட்டவர் இல்லை. சட்டைப்பையில் நாலு பேனா குத்திக்கொண்டு, எதையும் இரண்டு தடவை படிக்கும் ஆள்.

அவர் வரைபடத்தை எங்கள் பக்கம் திருப்பினார். "எங்கம்மா எழுதியிருக்கீங்க? காட்டுங்க, நான் இப்பவே நோட்டீஸைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

அக்கா குனிந்தாள். கீழ் ஓரம் வெறுமையாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள். தாளின் அடி விளிம்பில் சுண்டுவிரல் நகத்தை வைத்து, எறும்பு ஊர்கிற மாதிரி மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள். நின்றாள். மறுபடி முதலிலிருந்து நகர்த்தினாள். இவள் என்ன நேரத்தை ஓட்டுகிறாளா என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், அவங்க எழுதினாங்க. என் கடையில என் எதிர்லதான் எழுதினாங்க. நான் சாட்சி சொல்றேன். அன்னிக்கு..."

"நீ சும்மா இரு" என்றாள் அக்கா.

"ஏன் சும்மா இருக்கணும்? இவங்க ஃபைலை மாத்தி..."

மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். சின்ன வயதில் அப்பாவிடம் நான் மாட்டிக்கொள்ளும்போது மிதிப்பாளே, அதே மிதி. நான் வாயை மூடினேன்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "ரெண்டு வழிதாம்மா இருக்கு. வீட்டுக்காரங்க வரைபடத்தை மீறிக் கட்டிட்டாங்கன்னு நீங்க எழுதிக் குடுத்தா உங்க உரிமத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சுவர் போயிடும். இல்ல, குறிப்பு எழுதாம விட்டது என் தப்புன்னு எழுதிக் குடுங்க. வரைஞ்சவர் தப்புன்னா நான் திருத்தம் ஏத்துக்கலாம், சுவர் நிக்கும். ஆனா உங்க உரிமம் ஆறு மாசத்துக்கு நிறுத்தம். பதிவேட்டுல ஏறும். அப்புறம் அழிக்க முடியாது."

நர்ஸம்மா பதறிப்போய் அக்காவின் கையைப் பிடித்தார். "மேடம், எனக்காக வேணாம்..." வெளியே முதல் இடி உருண்டது. நான் ஜன்னலைப் பார்த்தேன், நர்ஸம்மா ஜன்னலைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேர் மனசிலும் அந்தத் தார்ப்பாய்தான்.

அக்கா ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "பேப்பர் குடுங்க சார்" என்றாள்.

எழுதினாள். 'குறிப்பு எழுத மறந்தது என் பிழை.' இருபத்திரண்டு வருஷம் அரை அங்குலம் விடாதவள், ஐந்து அங்குலத்தைக் கோட்டைவிட்டேன் என்று தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

படியிறங்கும்போது கேட்டேன். "எழுதினதை ஏன் எழுதலைன்னு சொன்னே? பயமா?"

"முதல்ல மேஸ்திரிக்குப் போன் பண்ணு. கூரை வேலையை ஆரம்பிக்கச் சொல்லு" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன் பண்ணிவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். எழுதினதை நான் பார்த்தேன். அதில் சந்தேகமே இல்லை. எங்கே நின்று பார்த்தேன்? கவுண்டருக்கு இந்தப் பக்கம். அன்றைக்குக் கடையில் கூட்டம் முட்டியது. மறுநாளிலிருந்து நாலு நாள் அலுவலகம் விடுமுறை. நான் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா, "நான் எழுதிட்டு வெச்சிருக்கேன், நீ முடிச்சுக் குடு" என்று நாலு பிரதியையும் நீட்டினாள். நீட்டிய தாள் பெரிதாக இருந்தது.

வெட்டாத தாள்.

வெட்டிய ஓரங்களை நான் எறிவதில்லை. பின்பக்கம் போன் நம்பர் எழுத உதவும் என்று கட்டுக்கட்டாக ஒரு சாக்கில் போட்டு வைப்பேன். கஞ்சப் புத்தி. சாக்கைத் தரையில் கவிழ்த்தேன். கடைக்கு வந்தவர்களை நாளைக்கு வாங்க என்று துரத்தினேன். அரை மணி நேரம் மண்டியிட்டுத் தேடினேன். கிடைத்தது. நாலு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே வெட்டில் வெட்டப்பட்டவை. அக்காவின் கையெழுத்து. மேற்குச் சுவர் பதினான்கு அங்குலம். ஆனால் ஒரு எழுத்தின் மேலும் புள்ளி இல்லை. 'தி'க்குக் கொண்டை இல்லை. என் பிளேடு எழுத்துகளின் தலையைச் சீவிக்கொண்டு போயிருந்தது. புள்ளிகள் மட்டும் வரைபடத்தோடு தங்கிவிட்டன.

அக்காவின் நகம் எதன்மேல் ஊர்ந்தது என்று அப்போதுதான் விளங்கியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஓடினேன். அவள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பட்டையை நீட்டினேன். ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"மூணு புள்ளி, ஒரு சுழி, மறுபடி மூணு புள்ளி. பார்த்ததுமே தெரிஞ்சு போச்சுடா. அவர் அதை மசிக்கறைன்னு நினைச்சுட்டார்."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"கையெழுத்துப் போட்ட வரைபடத்தை வெட்டினா என்ன ஆகும்னு உன் கடைச் சுவர்ல இருக்கிற நோட்டீஸ்லயே இருக்கு. கடையை அவங்க அங்கீகாரப் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க. எனக்கு ஆறு மாசம். உனக்கு ஒரேயடியா." குழாயை மறுபடி திறந்தாள். "உன் பொண்ணு காலேஜ் சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகலை."

நான் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? நாற்பத்தாறு வயது ஆள் அக்கா வீட்டுச் சமையலறையில் நின்று விசும்பி விசும்பி அழுதேன். அவள் டம்ளரை என் பக்கம் தள்ளி, "போதும், காபி ஆறுது" என்றாள்.

மறுநாள் அவளிடம் சொல்லாமல் அதிகாரியின் அறைக்குப் போனேன். வரைபடத்தை எடுக்கச் சொல்லி, பட்டையை அதன் அடியில் ஒட்டி வைத்தேன். ஆறு புள்ளிகளும் அதனதன் எழுத்தின்மேல் போய் உட்கார்ந்தன. சுழி 'தி'யின் தலையில் பொருந்தியது.

"வெட்டினது நான்தான் சார். கடையை எடுத்துக்கங்க. எங்க அக்கா பேரைப் பதிவேட்டுலேருந்து எடுத்துடுங்க."

அவர் இரண்டு தடவை படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை நான் ஃபைல்ல வாங்கினா மேலேருந்து முதல் கேள்வி என்ன வரும் தெரியுமா? ஓரத்துல எதுக்கு எழுதினாங்க? பெட்டி இல்லைன்னு நாங்க சொன்னோம். ஓரத்தை எதுக்கு வெட்டினாங்க? இழுப்பறை மூடலைன்னு நாங்க சொன்னோம். இந்த மாதிரி ஓரத்துல எழுதி வாங்கின வீடு இந்த ஊர்ல எத்தனை இருக்கும்? அத்தனை ஃபைலையும் பிரிப்பாங்க. பிரிச்சாங்கன்னா ஒரு வீட்டுக்கும் கூரை ஏறாது. நர்ஸம்மா வீடு உட்பட."

"அப்போ எங்க அக்கா?"

"ஆறு மாசம்" என்றார். பட்டையை மடித்து என் கையில் வைத்து என் விரல்களை மூடினார். அவருக்கும் முகம் சரியில்லை. அவரைத் திட்டுவதற்கு வாய்க்கு வந்தது அத்தனையும் அன்றைக்கு ஏனோ வெளியே வரவில்லை.

மழை முந்திக்கொள்வதற்குள் கூரை ஏறிவிட்டது. நர்ஸம்மா புது வீட்டுக்குக் குடிபோனபின் ஒரு மத்தியானம் நானும் அக்காவும் அந்தப் பக்கம் போனோம். வெளியே வெயில் கொளுத்தியது. வாசலில் நர்ஸம்மாவின் தங்கை வாயில் விரலை வைத்துக் காட்டினார். அக்கா மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அந்தப் பக்கம் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆறு மாசமும் என் கடையில் உட்கார்ந்து மற்றவர்களின் வரைபடத்தை மடித்துக் கொடுத்தாள். பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

உரிமம் திரும்பிய அன்று முதல் மனு, நர்ஸம்மாவோடு வேலை பார்க்கும் இன்னொருவருடையது. அவருக்கும் அதே சுவர் வேண்டுமாம். அக்கா கம்ப்யூட்டரைத் திறந்தாள். சுவர் கனம். இரண்டு பெட்டி. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஒன்பதைத் தொட்டாள்.

பிரிண்ட் வந்தது. பிளேடை எடுத்தேன். தாளின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "வெட்டுடா, இன்னும் எழுதலை" என்றாள். வெட்டினேன். பிளேடை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டி, சாவியை அவள் பக்கம் தள்ளினேன்.

பிறகு அவள் குனிந்து ஓரத்தில் எழுதினாள். மை காய்ந்ததும் சுண்டுவிரல் நகத்தை வைத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். ஆறும் இருந்தன.